ஒரு வருஷம் பேசக் கூடாது

திண்டுக்கல்லிலிருந்து மதுரை ரோட்டில் போகிறவர்களுக்கு, சின்னாளப்பட்டியை நெருங்கும்போது காந்திகிராமம் கண்ணில் படாமல் இருக்காது. அதை உண்டாக்கியவர் டாக்டர் சௌந்தரம் அம்மாள் என்பது நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அந்த அம்மாளின் கல்யாணக் கதை எத்தனை பேருக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. போன மாதம் என் தங்கை மகளோடு பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது அதைச் சொல்ல வேண்டி வந்தது.

அவளுக்கு வயது 44. கோயம்புத்தூரில் ஆடிட்டர். விவாகரத்தாகி ஏழு வருஷம் ஆகிறது. இப்போது ஒரு டாக்டரோடு பழக்கம். அவரும் விவாகரத்தானவர்தான். இருவருக்கும் ஓய்வு கிடைப்பதே மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. "இந்த வயசிலே இதெல்லாம் எதுக்குன்னு நீங்களாவது கேளுங்க அண்ணே" என்று தங்கை என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். கேட்கத்தான் நினைத்தேன். அதற்குள் காந்திகிராமம் வந்துவிட்டது.

டி.வி.எஸ். குடும்பத்து சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம். பிறந்தது 1904. சிறு வயதிலேயே கல்யாணம். கணவரும் டாக்டர், மனைவி படிக்க வேண்டும் என்று நினைத்தவர். இளம் வயதிலேயே அவர் இறந்துபோனார். அந்தக் காலத்து ஐயங்கார் வீட்டில் கைம்பெண்ணின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெற்றோர் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். 1936இல் டாக்டரானார்.

பிறகுதான் ஜி. ராமச்சந்திரன் மேல் பிரியம் வந்தது. திருவனந்தபுரத்துக்காரர், காந்தியின் சீடர், வேறு சாதி. படிக்க வைத்த பெற்றோருக்கே இது ஒப்பவில்லை. 1856இலேயே விதவை மறுமணச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் சட்டம் வேறு, வீட்டு வாசல் வேறு.

விஷயம் காந்தியிடம் போயிற்று. ஒரு வருஷம் இருவரும் பார்க்கக் கூடாது, கடிதம்கூட எழுதக் கூடாது, அதன் பிறகும் மனம் மாறவில்லை என்றால் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றார் அவர். மனம் மாறவில்லை. 1940 நவம்பர் 7ஆம் தேதி காந்தி, கஸ்தூர்பாவின் ஆசியோடு கல்யாணம் நடந்தது. மணமக்கள் இருவருக்கும் 36 வயது. அப்போதெல்லாம் பெண்களுக்கு அது பேரன் பேத்தி எடுக்கத் தொடங்கும் வயது.

இந்த 'ஒரு வருஷம்' எனக்கு வேறொன்றையும் நினைவுபடுத்தும். நான் காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன். பிரெஞ்சு சிவில் சட்டத்தில், கணவனை இழந்த அல்லது விவாகரத்தான பெண் மறுபடி கல்யாணம் செய்ய 300 நாள் காத்திருக்க வேண்டும். பிறக்கும் குழந்தைக்குத் தகப்பன் யார் என்ற குழப்பம் வரக் கூடாதாம். ஆணுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. 2004இல் போட்ட சட்டத்தால்தான் அதை ஒழித்தார்கள். நம் 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டமும், விவாகரத்துத் தீர்ப்பான பிறகு ஒரு வருஷம் காத்திரு என்றது. ஆனால் அது ஆண் பெண் இருவருக்கும் பொது. அந்த வகையில் நம் சட்டம் தேவலை. 1976 திருத்தத்தில் அதுவும் போயிற்று. அதே திருத்தத்தில்தான் இருவரும் ஒத்துப்போய்ப் பிரியும் வழி வந்தது. அதில் மனு போட்ட பிறகு ஆறு மாதம் பொறுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் அதையும் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டத்தின் காத்திருப்பு சந்தேகத்தில் பிறந்தது. காந்தி வைத்ததும் சோதனைதான். ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சோதனை. பெரியவர்கள் அதிகாரம் செய்ததாகத்தானே இது இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கும் அந்த எண்ணம் வந்ததுண்டு. 36 வயது டாக்டர் ஒருவர் இன்னொருவரிடம் அனுமதிக்கு ஏன் நிற்க வேண்டும்? ஆனால் பெற்றோர் மறுத்த இடத்தில் அவர்களுக்கு வேறு யார் துணை?

கல்யாணத்துக்குப் பிறகும் அவர்கள் சேர்ந்தே உட்கார்ந்திருக்கவில்லை. 1947இல் சின்னாளப்பட்டியில் வைத்தியம் தொடங்கியது. அம்மாள் சட்டமன்றம் போனார், 1962இல் திண்டுக்கல்லிலிருந்து பாராளுமன்றம் போனார், மத்தியில் கல்வித் துறைத் துணை அமைச்சரானார். அவர் காந்தி நினைவு நிதி, கதர் என்று ஊர் ஊராக அலைந்தார்.

தங்கை மகள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு மாமா. யாரும் சொல்லாமலே காத்துக்கிட்டுதான் இருக்கோம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து தங்கைக்கு போன் போட்டேன். அந்த டாக்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றாள்.