வானம் பார்த்த பீரங்கி

1966 நவம்பரில் அமெரிக்காவின் 44ஆம் பீரங்கி ரெஜிமென்ட்டைச் சேர்ந்த முதல் பட்டாலியன் வியட்நாமில் வந்திறங்கியது. அது கூடவே கொண்டுவந்த வண்டி, காலாவதியானது என்று ராணுவமே ஓரங்கட்டியிருந்த சரக்கு. எம்-42 என்பது அதன் பெயர். சிப்பாய்கள் ‘டஸ்டர்’ என்பார்கள். எம்-41 இலகு ரக டாங்கியின் அடிப்பாகத்தின் மேல் கூரையில்லாத ஒரு சுழல்மேடை, அதில் 40 மி.மீ. போஃபர்ஸ் இரட்டைக் குழல்கள். (போஃபர்ஸ் என்றால் நம்மூரில் 1987இல் கிளம்பிய பீரங்கி ஊழல்தான் ஞாபகம் வரும். அதே ஸ்வீடன் கம்பெனி 1930களில் உருவாக்கிய துப்பாக்கி இது.)

தாழப் பறந்து வரும் விமானங்களைச் சுட்டு வீழ்த்த 1950களில் இப்படிச் சுமார் 3,700 வண்டிகளைச் செய்தார்கள். ரேடார் கிடையாது, கண்ணால் பார்த்துத்தான் குறிவைக்க வேண்டும். ஜெட் விமானத்தின் வேகத்துக்கு இது ஈடுகொடுக்கவில்லை. ஹாக் ஏவுகணை வந்த பிறகு டஸ்டர்கள் தேசியக் காவல்படையின் கொட்டடிக்குப் போய்ச் சேர்ந்தன.

வியட்நாமுக்கு மூன்று டஸ்டர் பட்டாலியன்கள் போயின. வானம் பார்த்துக் காத்திருந்தால் ஒன்றும் வராது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. வட வியட்நாமின் விமானங்கள் தெற்கே குண்டு போட வரவில்லை. ஆபத்தெல்லாம் சாலையோரப் புதரிலும் முகாமின் முள்வேலிக்கு அப்பாலும் இருந்தது. குழல்களைக் கீழே இறக்கினார்கள். பகலில் லாரித் தொடர்களுக்குத் துணை, இரவில் முகாமுக்கும் பாலத்துக்கும் காவல் என்று வேலை மாறிப்போனது.

யோசனை புதிதல்ல. 1950 இறுதியில், கொரியாவின் சோசின் நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரையில் அமெரிக்கப் படையைச் சீனர்கள் சூழ்ந்துகொண்டபோது, இரட்டைக் குழல் எம்-19 வண்டிகளும் நான்கு இயந்திரத் துப்பாக்கி பூட்டிய எம்-16 வண்டிகளும் காலாட்படை மீதுதான் சுட்டன. அந்த நான்கு துப்பாக்கிக் கட்டமைப்பே வியட்நாமில் லாரி முதுகில் ஏறி ‘குவாட் 50’ ஆனது. டஸ்டர் பட்டாலியன் ஒவ்வொன்றுடனும் ஒரு குவாட் 50 அணியும் ஒரு சர்ச்லைட் அணியும் சேர்க்கப்பட்டன. இருட்டில் விளக்கு ஆளைக் காட்டும், துப்பாக்கி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

டஸ்டரின் உள்ளே வேலை எளிதல்ல. நான்கு ரவுண்டுகள் கோத்த கிளிப் ஒன்று எட்டுக் கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு குழல் நிமிடத்துக்கு 120 ரவுண்டு சுடும் என்றால், அதற்குத் தீனி போடுபவர் இரண்டு விநாடிக்கு ஒரு கிளிப்பை மேலிருந்து இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் நின்றபடி, தலைக்கு மேல் கூரையில்லாமல். விமானத்தைத் தேட வசதியாக இருக்கட்டும் என்று விட்ட திறப்பு, தரைச் சண்டையில் கையெறி குண்டுக்கும் வழிவிட்டது. என்ஜினோ பெட்ரோலில் ஓடுவது. தொட்டாலே வெடிக்கும்படி செய்த அந்த ஷெல்கள் வெட்டவெளியில் ஓடிவரும் ஆட்களை வாரிப்போட்டன; அடர்ந்த காட்டில் இலை தழையில் பட்டே வெடித்தன, மண்ணுக்குள் ஆழப் புதைந்த பதுங்குகுழியை அவற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை. டஸ்டரைச் சர்வரோக நிவாரணியாக வர்ணிப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

டோங் ஹாவிலிருந்து மேற்கே லாவோஸ் எல்லைப் பக்கம் போகும் 9ஆம் எண் சாலைதான் முதல் பட்டாலியனின் களம். 1968இல் முற்றுகையில் சிக்கிய கே சான் தளமும் அந்தச் சாலையை ஒட்டியதே. அதே சாலையில் கே ஜியோ பாலத்தை டஸ்டர் குழுவினர் காத்து நின்றார்கள். 1970 மார்ச் 12 அன்று வட வியட்நாம் வீரர்கள் அங்கே தாக்கினார்கள். பதுங்குகுழிக்குள் வந்து விழுந்த கையெறி குண்டை சார்ஜென்ட் மிட்செல் ஸ்டவுட் எடுத்து உடம்போடு அணைத்துக்கொண்டு வாசலை நோக்கி ஓடினார். உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு வயது இருபது. அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் அவர் இறந்தபின் வழங்கப்பட்டது. விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையில் அதைப் பெற்றவர் அவர் ஒருவரே. அதுவும் விமானமே வராத ஒரு போரில்.

அமெரிக்கர்கள் வண்டியை இருந்தபடியே வைத்து வேலையை மாற்றினார்கள். ஆப்கானிஸ்தானில் சோவியத் ராணுவம் வண்டியிலேயே கைவைத்தது. 1979 டிசம்பரில் உள்ளே நுழைந்த அந்தப் படையின் டாங்கிக் குழல்கள், மலையுச்சியிலிருந்து சுடும் முஜாஹிதீன்களை நோக்கிப் போதிய அளவு உயரவில்லை. 23 மி.மீ. குழல்கள் நான்கு கொண்ட ஷில்கா வண்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை. வானத்துக்காகச் செய்ததாயிற்றே, 85 டிகிரி வரை நிமிரும். முஜாஹிதீன்களிடம் விமானம் இல்லாததால் ரேடார் வெறும் சுமை. அதைக் கழற்றிவிட்டு, 2,000 ரவுண்டு கொள்ளும் இடத்தில் 4,000 ரவுண்டு ஏற்றினார்கள். இரவில் குறிபார்க்கும் கருவியும் பொருத்தினார்கள். ‘ஷைத்தான் அர்பா’, அதாவது சாத்தானின் வண்டி என்று எதிரிகள் அதற்குப் பேர் வைத்தார்கள்.

காவல் காக்க வேண்டிய லாரிகள் ஏராளம். அதனால் ஸூ-23-2 என்ற இரட்டைக் குழல் விமான எதிர்ப்புத் துப்பாக்கியைச் சாதாரண ராணுவ லாரியின் பின்தட்டிலேயே பூட்டி, காபூலுக்குப் போகும் சாலங் மலைப்பாதையில் அனுப்பினார்கள். ஷில்காவில் இருப்பவரைச் சுற்றி மெல்லியதாகவாவது இரும்புச் சுவர் உண்டு. லாரியில் இருந்த துப்பாக்கிக்காரருக்கு அதுவும் இல்லை.