ஆறாவது எங்க படிச்சீங்க?

ஒவ்வொரு மே மாசமும் நானும் ஆபீஸ் நண்பர்கள் ரெண்டு பேரும் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ஒரு அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போவோம். ப்ளஸ் டூ முடிச்ச பசங்க இன்ஜினியரிங் கவுன்சலிங் விண்ணப்பம் போட உதவி பண்றதுதான் வேலை. இந்த வருஷம் ஒரு பொண்ணு, அப்பாவோட வந்திருந்தா. எல்லாம் மளமளன்னு போச்சு. ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் எங்க படிச்சீங்கன்னு கேட்கிற இடத்துல கை நின்னுடுச்சு. ஆறாவது மட்டும் ஒரு அரசு உதவிபெறும் பள்ளி. ஏழாவதுல வீடு மாறினாங்க, அதுக்கப்புறம் முழுக்க அரசுப் பள்ளி.

"அண்ணா, அந்த ஒரு வருஷத்தையும் அரசுப் பள்ளின்னே போட்டா தெரியுமா?"

அவளுக்கு என்ன பதில் சொன்னேன்கிறதுக்குக் கடைசியில வர்றேன். பழைய கோடு பேஸைத் திறந்தா, 'இந்த கண்டிஷனை யார் இங்க போட்டது'ன்னு எரிச்சலா தேடுவோம் இல்லையா? தேடிப் போனா பின்னாடி ஒரு பெரிய சண்டை இருக்கும். இந்த விண்ணப்பமும் அப்படித்தான்.

முதல்ல சமூகம்னு கேட்கிற கட்டம். சென்னை மாகாணத்துல கம்யூனல் ஜி.ஓ.ன்னு ஒரு அரசாணை இருந்தது. கல்லூரியில 14 இடம்னா பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்து மருத்துவக் கல்லூரி இடத்துக்காக செண்பகம் துரைராஜனும், இன்ஜினியரிங் இடத்துக்காக சி.ஆர். சீனிவாசனும் வழக்குப் போட்டாங்க. 1951 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் அரசாணையை ரத்து செஞ்சது. தமிழ்நாடு கொந்தளிச்சது. அதே வருஷம் ஜூன்ல அரசமைப்புச் சட்டத்துக்கே முதல் திருத்தம் வந்து, 15(4) சேர்ந்தது. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு: சீனிவாசன் விண்ணப்பிச்சிருந்தார், செண்பகம் விண்ணப்பமே போடல. தீர்ப்புலயே அது இருக்கு. இந்தியாவோட ரொம்ப முக்கியமான கல்லூரி அட்மிஷன் வழக்கு, போடாத ஒரு அப்ளிகேஷன்ல இருந்து வந்தது!

அடுத்தது கட் ஆஃப். இன்னைக்கு கணக்குக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. எங்க அக்கா காலத்துல அது 300. 1984ல எம்.ஜி.ஆர். ஆட்சி கொண்டுவந்த நுழைவுத் தேர்வுக்கு மிச்சம் 100. அந்த 100ஐச் சுத்தித்தான் கோச்சிங் சென்டர்கள் வளர்ந்தன. ஊர்ல கோச்சிங் இல்லாத பையன் பப்ளிக் எக்ஸாம்ல வாங்கினதை அங்க தொலைச்சான். 2005ல ஜெயலலிதா அரசு அதை நீக்கிப் பார்த்தது, நீதிமன்றத்துல நிக்கல. அப்புறம் கருணாநிதி அரசு அனந்தகிருஷ்ணன் குழு போட்டு, 2006ல தனிச் சட்டம் கொண்டுவந்து, 2007 சேர்க்கையில இருந்து தேர்வு போச்சு.

ஒற்றைச் சாளர கவுன்சலிங் 1997ல தொடங்கினது. ஒரே விண்ணப்பம், ஒரே ரேங்க் பட்டியல், எல்லாக் கல்லூரியும் ஒரே இடத்துல. நானும் அப்பாவும் ராத்திரி பஸ் ஏறி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்தவங்கதான். கேட்டுக்கு வெளியே கல்லூரிக்காரங்க நோட்டீஸ் திணிப்பாங்க. உள்ளே பெரிய திரையில காலி இடம் கண்ணு முன்னாடியே குறையும். அப்பாவுக்கு அந்த எழுத்து சரியா தெரியல. என்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தார். ஸ்கிரீன் முன்னாடி உட்கார்ந்த சில நிமிஷத்துல முடிவு பண்ணணும்.

2018ல எல்லாம் ஆன்லைன் ஆச்சு. பஸ் செலவு மிச்சம், பதற்றம் மட்டும் வீட்டுக்கு வந்துடுச்சு. இப்ப நான் அதிகமா பார்க்கிற தப்பு, 'எனக்கு அது கிடைக்காதுண்ணா'ன்னு நல்ல கல்லூரியைப் பட்டியல்லயே போடாம விடறது. மேல போட்டா எதுவும் குறையாது மக்களே. கிடைக்கலன்னா சிஸ்டம் அடுத்த வரிக்குத்தான் போகும். ஆசைப்படற வரிசையிலயே போடுங்க, நிறைய போடுங்க.

2010ல வந்தது முதல் பட்டதாரி சலுகை. சாதி, வருமானம் எதுவும் பார்க்காம, குடும்பத்துல முதல் ஆளா பட்டம் படிக்கப் போறவங்களுக்குக் கல்விக் கட்டணத்தை அரசு ஏத்துக்கிட்டது. இருக்கிறதுலயே எனக்கு மரியாதை அதிகம் இந்தக் கட்டத்து மேலதான். படிப்பு இல்லாததை ஒரு அரசாங்கம் தகுதியா கேட்குது.

கடைசியா வந்தது அந்தப் பள்ளிக் கேள்வி. 2020ல மருத்துவத்துக்கும், 2021ல இன்ஜினியரிங்குக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. ஆறுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியா இருக்கணும். கட்டணத்தையும் ஹாஸ்டல் செலவையும் அரசே கட்டும். உதவிபெறும் பள்ளி கணக்குல வராது. அங்கேயும் ஆசிரியர் சம்பளம் அரசுதான் கொடுக்குது, அங்கேயும் இதே வீட்டுப் பிள்ளைங்கதான் படிக்கிறாங்க. எங்கேயாவது கோடு போட்டுத்தான் ஆகணும்னு புரியுது. ஆனா அந்தக் கோடு, பத்து வயசுல பக்கத்துத் தெரு ஸ்கூல்ல சேர்ந்த ஒரு பொண்ணு மேல விழுது. கோச்சிங் இல்லாத பையனுக்கு 100 மார்க்குல நடந்தது, இவளுக்கு ஒரு வருஷத்துல நடக்குது.

நான் அவகிட்ட சொன்னேன்: "தெரியும்மா. சான்றிதழ்ல ஆறாவது ஸ்கூல் பேரு வந்துடும். பொய்யா போட்டா சேர்ந்த இடமே போயிடலாம்." அப்பா ஒண்ணும் பேசல. போனை எடுத்து, மாட்டின சார்ஜரைக் கழட்டி, மறுபடி மாட்டினார். நான் உதவிபெறும் பள்ளின்னு டைப் பண்ணேன். ஸ்பெல்லிங்ல தப்பு விட்டேன் போல, அவளே எழுத்துக் கூட்டிச் சொன்னா.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இன்னும் விண்ணப்பிக்கல. இ-சேவை மையம் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்கன்னு ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க. மணி நாலே கால்.