எலும்பை உருக்கிய உலோகமும் பச்சிலைச் சாறும்

நேயர்களே, எலும்பு முறிந்தால் பிரண்டையை அரைத்துக் கட்டுவதும், இடுப்பு வலிக்கு முருங்கைக்கீரை ஆக்கிக் கொடுப்பதும் நம் தோட்டத்து லயங்களில் பாட்டி காலத்திலிருந்து வரும் பழக்கம். சோற்றின் வழியாகவே ஓர் உலோகம் உடம்பில் புகுந்து எலும்பைக் கெடுத்தால், அதையும் செடிச்சாறு தடுக்குமா? விடை தேடி ஜப்பான் நாட்டு நதிக்கரை ஒன்றுக்குச் செல்வோம்.

தோயாமா மாநிலத்தில் ஓடுவது ஜின்சு ஆறு. அதன் மேற்புறத்து மலையில் காமியோக்கா சுரங்கம் இருந்தது. துத்தநாகத் தாதோடு சேர்ந்தே இருக்கும் காட்மியம் என்ற உலோகம் சுரங்கக் கழிவோடு ஆற்றில் இறங்கியது. ஆற்று நீர் வயலுக்குப் பாய்ந்தது. நெல் அதை உறிஞ்சியது. மக்கள் அந்தச் சோற்றை உண்டார்கள். பல பிள்ளைகளைப் பெற்ற, நடுவயது கடந்த தாய்மாரையே நோய் அதிகமாகப் பற்றியது. இருமினாலே விலா எலும்பு முறிந்தது. 'வலிக்கிறதே, வலிக்கிறதே' என்று அவர்கள் கதறிய 'இத்தாய், இத்தாய்' என்ற சொல்லே நோயின் பெயராயிற்று.

உள்ளூர் மருத்துவர் நொபோரு ஹாகினோ, சத்துக் குறைவும் ஓயாத உழைப்புமே காரணம் என்று முதலில் எண்ணினார். ஏழைப் பெண்களின் நோய்க்கு எல்லா நாட்டிலும் முதலில் சொல்லப்படும் காரணம் அதுதானே! பின்னர், 1957-ல், சுரங்கக் கழிவே காரணம் என்று அவர் அறிவித்தார். அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968-ல். அவ்வாண்டே மக்கள் வழக்குத் தொடுத்தார்கள்; 1971-லும், மேல்முறையீட்டில் 1972-லும் வென்றார்கள்.

காட்மியம் முதலில் தாக்குவது சிறுநீரகத்தை. அது பழுதானால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் சிறுநீரோடு போய்விடும். எலும்பு மெத்தென்றாகிவிடும். உள்ளே போன காட்மியம் பல்லாண்டுகள் வெளியேறாது.

நம் பினாங்கிலும் ஆறு கெட்ட கதை உண்டு. 1970-களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு ஜூரு ஆற்றில் கலந்தது. குவாலா ஜூரு மீனவர்கள், மீனும் கெராங்கும் குறைந்துபோவதைக் கண்டு குரல் எழுப்பினார்கள். 1969-ல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. ஜப்பானின் நோய் இங்கே வந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சேற்றில் வாழும் கெராங், உலோகங்களைத் தன் சதையில் சேர்த்துக்கொள்ளும் உயிர். அது நாம் விரும்பி உண்ணும் பண்டம்.

இனி செடிச்சாற்றுக்கு வருவோம். போலந்து நாட்டு பியாலிஸ்டோக் நகரில் ஆய்வாளர்கள் பெண் எலிகளுக்குத் தீனியில் காட்மியம் கலந்து கொடுத்தார்கள். சில எலிகளுக்குக் குடிநீருக்குப் பதிலாக, நாவற்பழம்போல் கருத்த அரோனியா என்ற சிறு பழத்தின் சாற்றுச் சத்தை நீரில் கரைத்து வைத்தார்கள். இரண்டாண்டு வரை நீண்ட அந்தச் சோதனையில், சாறு குடித்த எலிகளின் எலும்பு குறைவாகவே கெட்டது. 2015-ல் இது வெளியாயிற்று. நல்ல செய்திதான். ஆனால் அந்த எலிகளுக்கு நஞ்சும் சாறும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து கிடைத்தன. ஜின்சுக் கரைத் தாய்மாருக்கோ எலும்பு முறிந்த பிறகுதான் காரணமே தெரிந்தது.

இன்னொன்று, தாய்மார்களே: செடியும் மண்ணிலுள்ள உலோகத்தை உறிஞ்சும். தொழிற்சாலைச் சாக்கடையோரம் பறித்த கீரை, மருந்தாவதற்குப் பதில் நஞ்சைக் கொண்டுவரலாம்.

ஜின்சுக் கரை மக்கள் மண்ணையே மாற்றச் செய்தார்கள். கெட்ட மண்ணைப் புதைத்து, மேலே நல்ல மண் பரப்பினார்கள். சுமார் 860 ஹெக்டேர் நிலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த அந்த வேலை 2012-ல் முடிந்தது.