‘கிரேக்கரைப் போல’: ஓர் இடைச்செருகலும் பாவசங்கீர்த்தன வரலாறும்

பாவசங்கீர்த்தனத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் 1215-இல்தான் வந்து நிற்கிறார்கள். அந்த ஆண்டு கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கத்தின் 21-ஆம் விதி, புத்தி தெளிந்த வயதை எட்டிய ஆணும் பெண்ணும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தம் பங்குக் குருவிடம் பாவங்களை அறிக்கையிட வேண்டும், பாஸ்கு காலத்தில் நன்மை வாங்க வேண்டும் என்றது. தவறியவருக்கு உயிரோடிருக்கும்வரை கோயிலுக்குள் இடமில்லை. இறந்தால் கிறித்தவ அடக்கமும் இல்லை.

இந்த விதியை மையமாக நிறுத்தியவர்களில் முதன்மையானவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹென்றி சார்லஸ் லீ. 1896-இல் மூன்று தொகுதிகளாக அவர் வெளியிட்ட நூலில் குவிந்திருக்கும் ஆவணங்களுக்குப் பின்வந்தவர்கள் அனைவரும் கடன்பட்டவர்கள். ஆனால் அந்த ஆவணங்களை அவர் வாசித்த முறை வேறு விஷயம். முதல் நூற்றாண்டுகளில் இல்லாத ஒரு கடமை படிப்படியாக வளர்ந்து 1215-இல் சட்டமாக இறுகியது, அதன் வழியே குருக்குலம் மக்களின் மனச்சாட்சியைத் தன் கைப்பிடிக்குள் கொண்டுவந்தது என்பதே அவர் வாதத்தின் சாரம். பாவசங்கீர்த்தனத்தை முதலில் அதிகாரமாகவும் அதன் பிறகே ஆன்மிகமாகவும் பார்க்கும் வழக்கம் இங்கிருந்து வலுப்பெற்றது.

லீ அழுத்தம் கொடுத்தது விதியின் முன்பாதிக்கு. பின்பாதியில் குரு வைத்தியராக வருகிறார். தேர்ந்த வைத்தியரைப் போல அவர் புண்ணில் திராட்சை இரசமும் எண்ணெயும் வார்க்க வேண்டும். பாவியின் சூழலையும் பாவத்தின் சூழலையும் நுணுகிக் கேட்டறிந்து, நோய்க்கு ஏற்ற மருந்தைத் தேட வேண்டும். கேட்டதை வெளியே சொன்ன குருவுக்கோ பதவி பறிபோகும். கட்டுப்பாடு மிகுந்த மடத்தில் வாழ்நாள் முழுவதும் தவம் கிடக்க வேண்டும். ஒரே விதி கேட்பவரையும் இவ்வளவு கடுமையாகக் கட்டியிருக்கும்போது, அதை ஒருபக்க அதிகாரப் பத்திரமாக வாசிப்பது பொருந்தாது.

இந்த வைத்தியர் 1215-இல் திடீரென்று வந்தவர் அல்லர். அவரைத் தேடிப் போனால் 400 ஆண்டுகள் பின்னோக்கி, 813-இல் பிரான்சின் சாலோன் நகரில் கூடிய சங்கத்தின் 33-ஆம் விதியில் சந்திக்கலாம். பாவங்களைக் கடவுளிடம் மட்டும் சொன்னால் போதும் என்கிறார்கள் சிலர், குருவிடம் சொல்ல வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே திருச்சபைக்குள் பெரும்பலனோடு நடக்கின்றன என்கிறது அந்த விதி. லீயின் வாதத்துக்கு இதைவிட வசதியான சான்று கிடைப்பது அரிது. குருவிடம் போவது அன்று விருப்பத்தைப் பொறுத்தது என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் விதி அங்கே முடியவில்லை. கடவுளிடம் செய்யும் அறிக்கை பாவத்தைக் கழுவுகிறது. குருவிடம் செய்யும் அறிக்கை அதைக் கழுவும் வழியைக் கற்றுத் தருகிறது. நலம் தருபவர் கடவுளே. அதை அவர் பலவேளை கண்ணுக்குத் தெரியாமல் தருகிறார், பலவேளை வைத்தியர்களின் கைவழியே தருகிறார். எது கட்டாயம் என்று வகுப்பதைவிட, எதனால் என்ன பலன் என்று சொல்வதில்தான் விதிக்கு அக்கறை.

இனி பாடபேதத்துக்கு வருவோம். சுமார் 200 ஆண்டுகள் கழித்து, வோர்ம்ஸ் ஆயர் புர்க்கார்டு தொகுத்த சட்டத் திரட்டில் இதே பகுதி திரும்ப வருகிறது. அங்கே ‘கடவுளிடம் மட்டும்’ என்பவர்களை அடுத்து இரண்டு இலத்தீன் சொற்கள் நுழைந்திருக்கின்றன: ‘கிரேக்கரைப் போல’. ‘குருவிடம்’ என்பவர்கள் பக்கத்தில், ஏறக்குறைய திருச்சபை முழுவதையும் போல என்ற பொருளில் இன்னொரு சேர்க்கை. மூலமும் மாறிவிட்டது. சாலோன் சங்கத்தின் பெயர் போய், கேன்டர்பரி பேராயர் தியோடோரின் தவநூல் என்ற பெயர் ஒட்டியிருக்கிறது. தியோடோர் தார்சு நகரில் பிறந்த கிரேக்கர். கிரேக்கர்களைப் பற்றிய குறிப்பு அவர் வாயில் பொருந்தும் என்று யாருக்கோ தோன்றியிருக்கலாம்.

இரண்டே சொற்கள்தாம். ஆனால் வீட்டுக்குள் இருந்த இரண்டு வழக்கங்களில் ஒன்றை அவை அயலார் வழக்கமாக்கிவிட்டன. 1140 வாக்கில் சட்டத் திரட்டைத் தொகுத்த கிராசியன் இந்த வடிவத்தையே எடுத்தாண்டார். அவரும் கடவுளிடம் மட்டும் சொன்னால் போதுமா என்ற கேள்விக்கு இருபுறச் சான்றுகளையும் வைத்துவிட்டு, முடிவை வாசகரிடமே விட்டார். 1215-க்குப் பிறகு அந்தத் தயக்கத்துக்கு இடமில்லாமல் போனது. அக்வினாவின் தோமா ஒருகாலத்தில் கருத்தாக இருந்ததைச் சங்கத்தின் முடிவுக்குப் பின் தப்பறை என்றே கொள்ளவேண்டும் என்றார். கதவு அடைபட்டது உண்மை. இதில் லீயை மறுப்பதற்கில்லை.

ஆனால் இடைச்செருகலைச் செய்த கை வைத்தியர் வாக்கியத்தை அழிக்கவில்லை. அது கிராசியன் வரை அப்படியே வந்து சேர்கிறது. புர்க்கார்டு, தம் திரட்டின் பாவசங்கீர்த்தனம் பற்றிய 19-ஆம் நூலுக்கே ‘திருத்துபவர் அல்லது வைத்தியர்’ என்று பெயர் தந்தவர். அதில் குரு கேட்க வேண்டிய கேள்விகள் நீண்ட பட்டியலாக உள்ளன. ஒன்று இது: விசுவாச மந்திரமும் கர்த்தர் கற்பித்த செபமும் தவிர, வேறு மந்திரம் ஓதி மூலிகை பறித்தாயா? பறித்திருந்தால் பத்து நாள் ரொட்டியும் தண்ணீரும். கேட்பவர் ஊரின் வயல்வரப்பையும் நோயையும் மருந்தையும் அறிந்தவர். இத்தகைய கேள்விகளைக் கண்காணிப்பு என்று வாசிக்கவும் இடமுண்டு. ஆயினும் மூலிகை பறிப்பதை இந்தக் கேள்வி தடுக்கவில்லை. பறிக்கும்போது எதை ஓதுவது என்றுதான் சொல்லித் தருகிறது. சாலோன் விதி சொன்ன ‘கற்றுத் தருதல்’ இங்கே நடைமுறையில் தெரிகிறது.

சாமானிய மக்கள் 1215-க்கு முன் எந்த அளவுக்குக் குருவிடம் போனார்கள்? அலெக்ஸாண்டர் மரே 1993-இல் எழுதிய கட்டுரையில், அது பரவலாக இருந்ததற்குச் சான்று மிகக் குறைவு என்று வாதிட்டார். சட்டங்கள் சொல்வதெல்லாம் நடந்துவிடுவதில்லை என்ற அவரது எச்சரிக்கை நியாயமானதே. ஆனாலும் ஒர்லேயான் ஆயர் தியோடுல்ப் 800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் குருக்களுக்கு எழுதியபோது, தபசு காலத்துக்கு முந்தின வாரத்தைப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒதுக்கினார். யாரும் வராத ஒன்றுக்கு நாட்காட்டியில் வாரம் குறிப்பார்களா? மௌனமாக இருக்கும் ஆவணங்களிலிருந்து இல்லாமையை நிறுவ முடியாது. சிற்றூர்க் குருவிடம் காதோடு காதாகச் சொன்னதை எழுதி வைக்கவும் யாரும் இல்லை.

தமிழ்க் கத்தோலிக்கர் நாவில் நெடுங்காலம் இருந்த சொல் ‘பாவசங்கீர்த்தனம்’. சொல்லுதலே அதில் முன்னால் நிற்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த ‘ஒப்புரவு’, முறிந்த உறவு பொருந்துவதைச் சொல்கிறது. 1992-இன் மறைக்கல்வி நூல் மனமாற்றம், தவம், அறிக்கை, மன்னிப்பு, ஒப்புரவு என்று ஐந்து பெயர்களையும் அருகருகே வைக்கிறது. சாலோன் ஆயர்கள் பிரித்துக் காட்டிய கழுவுதலும் கற்றுத் தருதலும் இந்த ஐந்துக்குள்ளும் ஓடுகின்றன.

‘கிரேக்கரைப் போல’ என்பதைச் சேர்த்தது புர்க்கார்டின் கையா, அவர் முன்னிருந்த படியை எழுதியவர் கையா என்பது தீராத கேள்வி. பிந்தையது என்றால், இடைச்செருகலின் காலம் 813-க்கும் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடையே எங்கும் விழலாம். குருவிடம் போவதே திருச்சபையின் பொதுவழக்கம் என்ற எண்ணம் இலாத்தரனுக்கு மிக முன்பே, சட்டத்தின் துணையின்றி வேரூன்றிவிட்டதற்கு அதுவே ஓர் அறிகுறியாகும்.