வயிறும் மனமும்

கொல்லிமலைக்குச் செல்லும் பேருந்துகள் அடிவாரத்துக் காரவள்ளியைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகின்றன. மேலே எழுபது கொண்டையூசி வளைவுகள். முதன்முறையாக வருபவர் அண்ணாந்து பார்த்து, "வயிற்றைக் கலக்குகிறதே!" என்கிறார். வண்டியோ இன்னும் ஒரு வளைவையும் திரும்பவில்லை. கலங்கியது மனம், அதனைக் காட்டியது வயிறு. அச்சத்தில் வயிற்றில் புளி கரைவதும், நற்செய்தியில் பால் வார்ப்பதும் நம் பேச்சில் வழங்குபவை. அவை வெறும் அலங்காரமல்ல என்று அறிவியல் கண்ட வரலாறு சுவையானது.

1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞர் தற்செயலாகக் குண்டடிபட்டார். உயிர் பிழைத்தார், ஆயினும் இரைப்பையில் விழுந்த துளை மூடவில்லை. அவரைக் காத்த இராணுவ மருத்துவர் வில்லியம் பியூமாண்ட் அத்துளையின் வழியே செரிமானத்தைப் பல்லாண்டு நோக்கினார். அச்சமும் சினமும் எழுகையில் இரைப்பையின் உட்சுவர் மாறுவதை 1833இல் வெளியிட்ட நூலில் குறித்தார்.

அடுத்து வந்தவர் வால்டர் கானன். ஆர்வர்டில் மருத்துவ மாணவராக இருந்தபோதே எக்ஸ் கதிர்களைக் கொண்டு பூனைகளின் இரைப்பை அசைவை ஆராய்ந்தார். பூனை கலவரமுற்றால் அசைவு நின்றது, அமைதியுற்றால் மீண்டது. குடலுக்கெனத் தனியே ஒரு நரம்பு மண்டலம் உண்டென்று 1921இல் லாங்லி எழுதினார். அம்மண்டலம் மூளையோடு இருவழியாகச் செய்தி பரிமாறுகிறது.

இவ்வுண்மை எதற்குப் பயன்படும்? சிலருக்கு அடிக்கடி வயிற்றுவலி வரும். கழிச்சலும் மலச்சிக்கலும் மாறிமாறி வருத்தும். சோதித்தாலோ புண்ணும் இராது, கட்டியும் இராது. எரிச்சலுறு குடல் நோய் என்பது இதன் பெயர். "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டார் ஒதுக்கிவிடுவதும், நோயாளி கூசி ஒடுங்குவதும் உண்டு. 2016இல் பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்த 'ரோம்' நெறிமுறை இதனைக் குடலும் மூளையும் கொண்ட உறவின் கோளாறு என்றே வகைப்படுத்தியது. கவலை நோயை வளர்க்கும்; நோயும் கவலையை வளர்க்கும். ஆகவே உணவுமுறை, மருந்து, மனநல ஆலோசனை மூன்றும் துணைபுரிகின்றன.

மாணவ நண்பர்களே! தேர்வு நாளில் தோழன் வயிற்றைப் பிடித்துக்கொண்டால் நகையாதீர்கள். வலி மெய்யானதே. மலத்தில் குருதி கண்டாலும் உடல் இளைத்தாலும் மருத்துவரிடம் தாமதமின்றிச் செல்ல வேண்டும். ஏனையோரும் நாணமின்றி ஆலோசனை பெறலாம். காரவள்ளியில் கலங்கிய வயிறு, வளைவுகள் பழகப் பழகத் தெளிவதுபோல், துணையோடு நடப்பவருக்கு இந்நோயின் வழியும் எளிதாகும்.