எஃகை எதிர்கொண்ட குண்டுகள்



சங்க இலக்கியம் பயின்றோர்க்கு 'எஃகம்' என்னும் சொல் புதியதன்று. வேலையும் பிற கூரிய படைக்கலங்களையும் நம் புலவர்கள் அச்சொல்லால் குறித்தனர். அவர்தம் களத்தில் எஃகு தாக்கும் பொருள். இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் போர்க்களத்திலோ எஃகு காக்கும் பொருளாகப் பதுங்குகுழியின் விளிம்பில் நின்றது. அதைத் தாக்க வந்தது மென்மையான ஈயம்! இவ்விரண்டிற்கும் இடையே நிகழ்ந்த போட்டியின் வரலாற்றையே இக்கட்டுரையில் காண இருக்கிறோம்.

பழங்கதைதானே என்று ஒதுக்கிவிட இயலாது. படைக்கிடங்குகளில் தேங்கிய உபரித் தோட்டாக்கள் பல பத்தாண்டுகளாகவே அமெரிக்கச் சந்தையில் மலிவாக விற்கப்பட்டு வந்துள்ளன. அவற்றை வாங்குவோர் எஃகுத் தகடுகளை இலக்காக நிறுத்திச் சுடுகின்றனர். ஒரே ரைபிளில் இடக்கூடிய இரு தோட்டாக்களில் ஒன்று தகட்டில் சாம்பல்நிறக் கறையை மட்டும் விட்டுச் செல்கிறது. மற்றொன்று குழி பறிக்கிறது. ஏன் இந்த வேறுபாடு? விடை, அத்தோட்டா எந்தத் தேவைக்காகப் பிறந்தது என்பதில் அடங்கியுள்ளது.

பிரிட்டிஷ் படை 1910இல் ஏற்ற .303 ஏழாம் வகைக் குண்டை முதலில் எடுத்துக்கொள்வோம். எடை 11.3 கிராம், குழலை விட்டு வெளியேறும் வேகம் நொடிக்குச் சுமார் 744 மீட்டர். வெளியே உலோக மேலுறை, உள்ளே ஈயம். நுனியில் மட்டும் ஈயத்திற்குப் பதிலாக அலுமினியம் போன்ற எடை குறைந்த பொருள். மனித உடலுக்கு எதிராக வடிக்கப்பட்ட இக்குண்டு, தடித்த வன்மையான எஃகைச் சந்தித்தால் நசுங்கிச் சிதறிவிடும்.

முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் இக்குறை விரைவிலேயே வெளிப்பட்டது. ஜெர்மானியக் குறிவீரர்கள் சிறு துளையிட்ட எஃகுத் தகடுகளின் பின்னிருந்து சுட்டனர். பிரிட்டிஷாரின் சாதாரணத் தோட்டாக்கள் அத்தகடுகளைத் துளைக்கவில்லை. அப்போது ஹெஸ்கெத்-பிரிச்சர்ட் என்னும் அதிகாரி ஒரு வழி கண்டார். இவர் வேட்டைக்காரர், பயணி, கிரிக்கெட் வீரரும்கூட! காட்டில் பெருவிலங்குகளை வீழ்த்தப் பயன்பட்ட கனத்த வேட்டை ரைபிள்களைப் போர்முனைக்கு வரவழைத்தார். விலங்கிற்காகச் செய்யப்பட்ட குண்டு மனிதனின் தகட்டைத் துளைத்தது.

ஜெர்மானியர் தேர்ந்த வழி வேறு. துப்பாக்கியை மாற்றாமல் குண்டின் உள்ளீட்டையே மாற்றினர். 11.5 கிராம் எடையுள்ள அவர்களது 'கே' வகைக் குண்டில், மேலுறைக்கும் மெல்லிய ஈயப் படலத்திற்கும் உள்ளே கடினமாக்கப்பட்ட எஃகுக் கரு ஒன்று இருந்தது. தகட்டைத் தொட்டதும் மேலுறையும் ஈயமும் வெளியே நின்றுவிடும். கரு மட்டும் உள்ளே புகும்.

1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் டாங்கிகள் முதன்முதலாகத் தோன்றியபோது இக்குண்டிற்குப் புதிய வேலை கிடைத்தது. முதல் வகை டாங்கியின் கவசம் 6 முதல் 12 மில்லிமீட்டர் வரையே. தகட்டின் மெலிந்த பகுதிகளை 'கே' குண்டால் துளைக்க முடிந்தது. 1917 ஜூன் மாதம் மெசீன் போரில் களமிறங்கிய நான்காம் வகை டாங்கிக்கு, இக்குண்டைத் தாங்குமாறு முன்புறமும் பக்கங்களிலும் 12 மில்லிமீட்டர் கவசம் தரப்பட்டது. ஜெர்மனி 1918இல் 13.2 மில்லிமீட்டர் டாங்கி எதிர்ப்பு ரைபிளால் இதற்கு விடையளித்தது. ஒருவர் தகட்டைத் தடிப்பாக்க, மற்றவர் குண்டைப் பெரிதாக்க... இப்படியே தொடர்ந்தது போட்டி!

இங்கு நாம் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. தகட்டைத் துளைக்காத குண்டும் தீங்கற்றதாக இருக்கவில்லை. சிதறிய ஈயம் நீர்த்துளிபோல் தெறித்துக் கவசத்தின் இணைப்பு இடுக்குகள் வழியே உள்ளே பாய்ந்தது. தகட்டின் உட்புறத்திலிருந்தும் எஃகுச் செதில்கள் பெயர்ந்தன. கண்களைக் காக்க டாங்கி வீரர்கள் தோலாலும் சங்கிலி வலையாலும் ஆன முகமூடிகளை அணிந்தனர். இத்தெறிப்பை மறவாதிருங்கள், மீண்டும் இதனிடம் வருவோம்.

இரண்டாம் உலகப்போரில் எஃகுக் கரு பரவலானது. கறுப்பு நுனி கொண்ட அமெரிக்க எம்2 கவசம் துளைக்கும் தோட்டா, காலாட்படையினரின் கைகளில் வழக்கமான தோட்டாவாகவே பெருமளவில் புழங்கியது. அதே காலத்தில் ஜெர்மனி மென்மையான இரும்புக் கரு கொண்ட குண்டுகளையும் செய்தது. கவசம் துளைப்பது அதன் நோக்கமன்று. ஈயத் தட்டுப்பாட்டைச் சமாளிப்பதே நோக்கம். சோவியத் ஒன்றியமும் போருக்குப்பின் தன் 7.62 மில்லிமீட்டர் ரைபிள் தோட்டாவில் மென்னெஃகுக் கருவை ஏற்றது. ஆக, கருக்கள் இரு குலத்தைச் சேர்ந்தவை: ஒன்று தகட்டைத் துளைக்கப் பிறந்தது, மற்றொன்று சிக்கனத்திற்காகப் பிறந்தது.

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின், தகர டப்பாவிற்கு 440 தோட்டாக்களாக அடைக்கப்பட்ட இவை அமெரிக்கச் சந்தையில் குவிந்தன. சுடுகளத்தார் காந்தத்தை வைத்துச் சோதிப்பர். ஆனால் காந்தம் முழு உண்மையைச் சொல்லாது. கடின எஃகும் மென்னெஃகும் அதற்கு ஒன்றே. செம்பு பூசிய எஃகு மேலுறைக்குள் ஈயம் மட்டுமே இருந்தாலும் காந்தம் ஒட்டிக்கொள்ளும். நுனி வண்ணங்கள் சற்றுக் கூடுதலாகப் பேசும். அந்த சோவியத் ரைபிள் தோட்டாவில் வெள்ளி நிறம் மென்னெஃகுக் கருவையும், மஞ்சள் கனத்த ஈயக் குண்டையும், கறுப்பும் சிவப்பும் சேர்ந்தது கவசம் துளைத்துத் தீமூட்டும் குண்டையும் குறிக்கும். கல்வெட்டின் எழுத்தமைதி கொண்டு காலத்தைக் கணிப்பதுபோல், இவற்றையும் வாசித்தறிய வேண்டியுள்ளது.

கரு மட்டுமே அனைத்தையும் முடிவு செய்வதில்லை, வேகத்திற்கும் பெரும்பங்குண்டு. வியட்நாம் போர்க்கால எம்193 தோட்டாவின் ஈயக் குண்டு வெறும் 3.6 கிராம், வேகமோ நொடிக்குச் சுமார் 990 மீட்டர். இதன் ஆற்றல் ஏறத்தாழ 1,750 ஜூல். முன்னர்க் கண்ட .303 குண்டிற்கோ சுமார் 3,100 ஜூல். ஆயினும் அண்மைத் தொலைவில் எஃகைக் குழியாக்குவதில் சிறியதே முந்துகிறது! மோதும் கணத்தில் ஈயம் திரவம்போல் வழிகிறது. அப்போது எழும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கேற்ப உயரும். கணக்கிட்டால், சிறிய குண்டு தரும் அழுத்தம் ஏறத்தாழ 1.77 மடங்கு.

தகட்டின் வன்மையும் எளிய செய்தியன்று. சுவீடன் நாட்டு பிரினெல் 1900இல் அறிமுகப்படுத்திய அளவுமுறைப்படி, சாதாரண மென்னெஃகின் வன்மை 120 முதல் 150 வரை. இலக்குகளுக்கென்று செய்யப்படும் எஃகிற்கோ 500 அளவில். வழவழப்பான வன்தகட்டில் மோதும் ஈயம் தகட்டின் தளத்தை ஒட்டிப் பக்கவாட்டில் தெறித்தோடும். குழி விழுந்த தகட்டிலோ, கிண்ணத்தில் ஊற்றிய நீர்போல், சுட்டவரை நோக்கியே திரும்பும். டாங்கி வீரர் அஞ்சிய அதே தெறிப்பு! கடினக் கரு கொண்ட உபரிக்குண்டு ஒன்று தோண்டிய குழி, அடுத்து வந்து ஈயக் குண்டால் சுடுபவரின் கண்ணைப் பறிக்கக்கூடும். குழி விழுந்த தகட்டை அகற்ற வேண்டும், தகட்டை முன்புறம் சாய்த்து நிறுத்த வேண்டும், கண்காப்பு அணிய வேண்டும் என்னும் விதிகள் பிறந்தது இதனால்தான்.

தீயும் இக்கதையில் உண்டு. 2012இல் யூட்டா மாநிலத்தில் குறிசுடுவோரால் மூண்ட காட்டுத்தீ, ஆயிரக்கணக்கானோரை வீடுகளை விட்டு வெளியேறச் செய்தது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், எஃகுத் தகட்டில் மோதிச் சிதறும் துண்டுகள் உலர்ந்த சருகு மட்கைப் பற்றவைக்கும் எனக் காட்டினர். எஃகுப் பகுதிகளைக் கொண்ட குண்டுகளும் முழுச் செம்புக் குண்டுகளுமே இதில் முன்நின்றன. ஈயத்தை மிச்சப்படுத்த என்றோ எடுத்த முடிவு, வேறொரு கண்டத்தின் காய்ந்த புல்வெளியில் பொறியாகும் வாய்ப்பு இருக்கிறது!

உபரி என்னும் சொல் எஞ்சிய, தேவையற்ற பொருளைச் சுட்டுவது. ஆனால் இத்தோட்டாக்களுக்குள் அவற்றைச் செய்தோரின் தேவை குன்றாமல் இருக்கிறது. மலிவு விலை கருதி டப்பாவைத் திறப்பவர், அது எந்தத் தகட்டிற்காக அல்லது எந்தத் தட்டுப்பாட்டால் செய்யப்பட்டது என்பதை அறிந்தபின் சுடுவதே அவருக்கும் அருகில் நிற்போருக்கும் நலம். வரலாறு வாசிப்பதால் என்ன பயன் என்று வினவுவோர்க்கு இதனையும் ஒரு விடையாகச் சொல்லலாம்.