தோட்ட எல்லையும் வாக்குரிமையும்: நுவரெலியா மாவட்ட உள்ளூராட்சி வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

மலையக மக்களின் அரசியல் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்திலிருந்தே தொடங்குவர். அச்சட்டத்தின் கொடுமை அத்தகையது என்பதால் இது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆயினும் அதற்குப் பதினோராண்டுகளுக்கு முன்னரே, கிராமச் சங்கம் என்னும் மிகச் சிறிய அரங்கில் இதே மக்களின் வாக்குரிமை பற்றிய போராட்டம் ஒன்று நடந்து முடிந்திருந்தது. வாய்க்கால், ஒற்றையடிப் பாதை, பொதுக் கிணறு, சந்தை ஆகியவற்றைப் பராமரிக்கும் மன்றமொன்றில் யார் வாக்களிப்பது என்பது பெரிய அரசியல் வினாவாக முதற்பார்வையில் தோன்றாது. ஆனால் 1948இல் நாடளாவிய முறையில் நிகழ்ந்தது, 1937இல் கிராமத்தின் அளவில் ஒத்திகை பார்க்கப்பட்டது என்பதே எமது கருத்தாகும். அவ்வொத்திகையில் பயன்படுத்தப்பட்ட கருவி இனம் மட்டுமன்று. தோட்ட எல்லையும் அதில் ஒரு கருவியாயிற்று. இன அடிப்படையிலான விளக்கத்தோடு நின்றுவிடும் ஆய்வுகள் இந்த இரண்டாவது கருவியைக் காணத் தவறுகின்றன.

கிராமச் சங்கங்களின் தோற்றத்தைச் சுருக்கமாக நோக்குவோம். கண்டி அரசர் காலத்துக் கம்சபா முறையைக் குடியேற்ற ஆட்சியினர் முதலில் 1856இல் நெல்வயல் நீர்ப்பாசனத்துக்கென்றும், பின்னர் 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயங்கள் கட்டளைச் சட்டத்தின் மூலம் பொதுவான கிராம நிருவாகத்துக்கென்றும் புதுப்பித்தனர். இதனை மரபின் மீதான பற்று எனக் கொள்வதற்கில்லை. நெற்செய்கை சீர்கெட்டால் வருவாய் குறையும். சில்லறை வழக்குகள் பெருகினால் நீதிமன்றங்கள் திணறும். நிருவாகச் செலவின்றி இவ்விரண்டையும் சமாளிக்கக் கிடைத்த வழியே இது. சங்கங்களுக்குத் தலைமை தாங்கிய ரட்டேமகத்தயா முதலிய பெருந்தலைமைக்காரர்கள் அரசாங்க அதிபரின் கையாட்களாயிருந்தனர் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இதே காலப்பகுதியில் மலைச்சரிவுகளில் கோப்பியும், அது நோயால் அழிந்தபின் தேயிலையும் பரவின. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய சட்டம் கிராமத்தவர் பயன்படுத்திய காட்டையும் சேனை நிலத்தையும் அரசின் சொத்தாக்கி, துரைமாருக்கு விற்கும் வாய்ப்பை ஏற்படுத்தியிருந்தது. பள்ளத்தாக்கில் வயலும் சிங்களக் கிராமமும். மேலே சரிவில் தோட்டமும் தமிழ்த் தொழிலாளரின் லயங்களும். கூப்பிடு தூரத்தில் இருந்த இவ்விரு உலகங்களுக்குமிடையில் சட்டம் ஒரு கோட்டைக் கீறியது. இந்தியத் தொழிலாளர் கிராமச் சங்கத்தின் வாக்காளர் வட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டனர். ஐரோப்பியரும் பறங்கியரும் அவ்வாறே வெளியே நின்றனர். ஆனால் தோட்டத்துரைமாருக்குக் கிராமச் சங்கம் எதற்கு? அவர்களிடம் 1854இல் உருவான தோட்டக்காரர் சங்கம் இருந்தது, சட்டசபையில் இடமிருந்தது, கச்சேரியின் கதவு திறந்திருந்தது. தொழிலாளிக்கோ துரையையும் கணக்கப்பிள்ளையையும் கங்காணியையும் தவிர வேறு அரசு ஒன்று கண்ணில் படவேயில்லை. ஒரே விலக்கு இரு வர்க்கங்கள்மீது எத்துணை வேறுபட்ட விளைவுகளை ஏற்படுத்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1931இல் டொனமூர் யாப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை வந்தபோது இந்நிலை குலையத் தொடங்கியது. நிரந்தர வதிவு பற்றிய கட்டுப்பாடுகளால் தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினரே வாக்காளராகப் பதிய முடிந்தது. எனினும் அத்தொகை போதுமானதாயிருந்தது. 1931இல் ஹட்டனிலிருந்து பெரி சுந்தரமும் தலவாக்கலையிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கமும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சருமானார். 1936இல் ஹட்டன் தொகுதியைக் கோ. நடேசய்யர் வென்றார். முன்னவர் கற்றோர் குழாத்தைச் சார்ந்தவர், பின்னவர் தொழிற்சங்கவாதி. இந்த வேறுபாடு துரைமாரின் கவனத்துக்குத் தப்பியிருக்க முடியாது.

இப்பின்னணியிலேயே 1937ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயங்கள் திருத்தச் சட்டமூலம் அரசாங்க சபைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர் உள்ளூராட்சி அமைச்சர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. கிராமச் சங்கங்களை ஜனநாயகப்படுத்துவதே நோக்கம் எனக் கூறப்பட்டது. பல அம்சங்களில் அது உண்மையுமாகும். ஐரோப்பியர், பறங்கியர் மீதான பழைய விலக்கு நீக்கப்பட இருந்தது. ஆனால் இந்தியத் தோட்டத் தொழிலாளர்மீதான விலக்கு நீங்கவில்லை. இது வெளிப்படையான இனப்பாகுபாடு என இந்திய அரசாங்கமும் இலங்கைவாழ் இந்தியத் தலைவர்களும் கண்டித்தனர். நெருக்கடியைத் தீர்க்கக் கையாளப்பட்ட உபாயமே எமது ஆய்வுக்கு முக்கியமானது. சட்டத்தின் வாசகத்திலிருந்து 'இந்தியர்' என்னும் அடையாளம் அகற்றப்பட்டது; அதற்குப் பதிலாகத் தோட்டத்தில் வதியும் தொழிலாளர் எவரும், அவர் எவ்வினத்தவராயினும், வாக்களிக்க முடியாது என்றாக்கப்பட்டது.

இத்திருத்தத்தை வெறும் சொல்மாற்றுத் தந்திரம் எனச் சிலர் ஒதுக்கிவிடுவர். நடைமுறையில் வெளியே நிறுத்தப்பட்டோரில் மிகப் பெரும்பான்மையினர் தமிழரே என்பதில் ஐயமில்லை. ஆனால் லயத்தில் வாழ்ந்த சிங்களத் தொழிலாளியும் அதே வரியால் வாக்கிழந்தார் என்பதை நாம் கடந்து செல்ல முடியாது. இனத்தின் பெயரால் தொடங்கிய விலக்கு, தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய நிலையில் வர்க்கத்தின் மொழியிலே பேசவேண்டியதாயிற்று. கிராமத்தில் காணியுள்ளவன் வாக்காளன். துரையின் கூரையின் கீழ் உறங்குபவன் வாக்காளன் அல்லன். தோட்டங்கள் தம் தொழிலாளரின் தேவைகளைத் தாமே கவனித்துக்கொள்கின்றன, ஆதலால் அவர்களுக்குக் கிராமச் சங்கம் வேண்டியதில்லை என்பதே இதற்குக் கூறப்பட்ட நியாயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையும், வரிசைக்கொரு தண்ணீர்க் குழாயும், தோட்டத்து மருந்துச் சாலையும் அந்தக் கவனிப்பின் இலட்சணம்.

இவ்விலக்கில் மூன்று நலன்கள் ஒன்றுகூடின. கண்டியக் கிராமத்து நிலவுடைமையாளருக்கு, எண்ணிக்கையில் மிகுந்த தொழிலாளர் தம் மன்றத்தைக் கைப்பற்றிவிடலாம் என்னும் அச்சம். எழுச்சிபெற்று வந்த சிங்கள மத்தியதர அரசியலாளருக்கு, கிராம வாக்குத் தளத்தை உறுதிசெய்யும் தேவை. தோட்டத்துரைமாருக்கோ, தம் எல்லைக்குள் தாம் அல்லாத வேறோர் அதிகாரம் நுழையாதிருக்க வேண்டும் என்னும் பழைய கொள்கை. அந்த ஆண்டு ஏப்ரலில், மடுல்கலையில் ரெலுகஸ் தோட்டத்தில் தொழில் பழகிய ஆஸ்திரேலிய இளைஞர் மார்க் பிரேஸ்கேர்டில் நாவலப்பிட்டியில் லங்கா சமசமாஜக் கட்சியின் கூட்டத்தில் உரையாற்றியமைக்காக நாடுகடத்தப்படும் ஆணையைப் பெற்றார் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளையர் ஒருவர் தோட்ட எல்லையைத் தாண்டித் தொழிலாளரின் பக்கம் வந்து நின்றமையை ஆட்சியாளரால் பொறுக்க முடியவில்லை. உயர் நீதிமன்றம் அவ்வாணையைச் சட்டவிரோதமெனத் தீர்த்தது வேறு விடயம். இந்த எல்லையைக் காப்பதில் ஏகாதிபத்தியத்துக்கும் உள்ளூர்த் தேசியவாதத்துக்கும் முரண்பாடு இருக்கவில்லை.

பின்னர் நிகழ்ந்தவை ஓரளவு அறியப்பட்டவையே. 1939 ஜூலையில் நேரு இலங்கை வந்தார். இலங்கை இந்திய காங்கிரஸ் உருவாயிற்று. 1947 தேர்தலில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்றனர். 1948இலும் 1949இலும் வந்த சட்டங்கள் குடியுரிமையையும் அதன்வழி வாக்குரிமையையும் பறித்தன. இதன்பின் தோட்ட எல்லை பற்றிய தனி விலக்குக்குத் தேவையே இல்லாது போயிற்று. வாக்காளர் இடாப்பே அவ்வேலையைச் செய்தது. இடதுசாரிக் கட்சிகள் 1948இல் இச்சட்டத்தை எதிர்த்தமை அவற்றின் வரலாற்றில் பெருமைக்குரிய பக்கம். 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி கூட்டரசில் இணைந்ததும், அதே ஆண்டு ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப உடன்பட்டதும் பெருமைக்குரியவை அல்ல. முற்போக்காளராகிய நாமே இதனைச் சொல்லாவிடின் வேறு யார் சொல்வது?

பல அங்கத்தவர் தொகுதி என்னும் ஏற்பாடு பற்றி இங்கு ஒரு சொல் கூறல் பொருத்தம். சிறுபான்மையினர் செறிந்து வாழாத, கலந்து வாழும் பிரதேசங்களில் அவர்க்கும் இடம் கிடைக்கட்டும் என்னும் எண்ணத்துக்கு இடமளித்து 1947இல் கொழும்பு மத்தி, பதுளை, பலாங்கொடை, கடுகண்ணாவை, அம்பலாங்கொடை–பலப்பிட்டிய ஆகியவை அவ்வாறு அமைந்தன. 1976ஆம் ஆண்டின் தொகுதி நிர்ணயம் நுவரெலியா–மஸ்கெலியாவை மூன்று அங்கத்தவர் தொகுதியாக்கியது. 1977 ஜூலையில் அங்கு காமினி திசாநாயக்க முதலாவதாகவும் அநுர பண்டாரநாயக்க இரண்டாவதாகவும் தொண்டமான் மூன்றாவதாகவும் வந்தனர். 1947க்குப்பின் மலையகத் தமிழர் ஒருவர் வாக்கினால் பாராளுமன்றம் புகுந்தது இதுவே முதன்முறை. 1937ஆம் ஆண்டுச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தவரின் மகன் அதே தொகுதியின் இரண்டாம் அங்கத்தவராயிருந்தமை வரலாற்றின் குறும்புகளில் ஒன்று. மூன்றாம் இடத்தாலும் ஒரு மக்கட் கூட்டம் மன்றம் நுழைய முடியும் என்பது இவ்வேற்பாட்டின் நன்மை. மூன்றாம் இடமே அவர்களுக்குரியது என்னும் மனநிலையையும் அது வளர்க்கும் என்பது எமது ஐயம்.

உள்ளூராட்சிக்கு மீள்வோம். கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளின் வருகையோடு ஒழிக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் 1991 மே மாதம் முதற்றேர்தல் நடைபெற்றது. இதற்கிடையில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிலாளரிற் பெருந்தொகையினர் பிரசைகளாகியிருந்தனர். அரை நூற்றாண்டின்பின் லயத்துத் தொழிலாளி உள்ளூர் மன்றத்துக்கு வாக்களித்தார். மலையகத் தமிழர் தவிசாளர்களாயினர். ஆனால் வாக்கு எல்லையைத் தாண்டியபோதும் அதிகாரம் தாண்டவில்லை. அச்சட்டத்தின் 33ஆம் பிரிவின் வாசகம் சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக நின்றது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்த வேட்பாளர், வென்று தவிசாளரானபின் அந்த லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் போடவும் சட்டம் இடந்தரவில்லை. 1937இல் வாக்காளரைத் தடுத்த அதே கோடு இப்போது வரவுசெலவுத் திட்டத்தைத் தடுத்தது.

நிலவுடைமையின் வடிவம் இதற்கிடையில் மும்முறை மாறியிருந்தது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரை வெள்ளையரிலிருந்து உள்ளூரவரானார். எல்லை மட்டும் மாறாதிருந்தது. உடைமை அரசின் கைக்கு மாறுவது மட்டும் உற்பத்தி உறவுகளை மாற்றிவிடாது என்பதை நூல்களிற் படித்த நாம், அதை நுவரெலியாவில் கண்ணாரக் காணலாம்.

எண்ணிக்கையிலும் இந்தப் பாகுபாடு பதிவாகியிருந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் 711,644 பேரில் அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவில் மட்டும் 205,723 பேரும், நுவரெலியாப் பிரிவில் 212,094 பேரும் வாழ்ந்தனர். சிங்களக் கிராமங்கள் மிகுந்த ஹங்குரங்கெத்தவில் 88,528 பேர். மாநகர, நகர சபைகளின் எல்லைக்குட்பட்டோரைக் கழித்தாலும் வேறுபாடு மலைக்கும் மடுவுக்குமுள்ளது. ஆயினும் பிரிவுக்கொன்றாக ஒவ்வொரு பிரதேச சபையே இருந்தது. 2018 பெப்ரவரித் தேர்தலுக்குமுன் முதலிரு சபைகளும் ஆறாகப் பிரிக்கப்பட்டு அக்கரபத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகியவை புதிதாகத் தோன்றின. அதே ஆண்டு 33ஆம் பிரிவும் திருத்தப்பட்டது. அறுபது வீதம் வட்டாரங்களாலும் நாற்பது வீதம் பட்டியலாலும் தெரிவாகும் புதிய முறையில், கலந்து வாழ்வோருக்கென இரட்டை, பல அங்கத்தவர் வட்டாரங்களுக்கும் இடமிருந்தது. 2018இலும் 2025 மே மாதத்திலும் இம்முறையிலேயே மக்கள் வாக்களித்தனர். பலவிடங்களில் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காமல் தவிசாளர் பதவி பேரப்பொருளானமை இம்முறையின் பக்கவிளைவு. தொழிற்சங்கத் தலைமைகள் இப்பேரத்தில் காட்டிய திறமையைப் பாதை, தண்ணீர் பற்றிய விடயங்களிலும் காட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

கொட்டகலைப் பக்கம் செல்வோர் பிரதான வீதியிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் சந்தியில் தார் முடிந்து கல் தொடங்கும் இடங்களை இன்னும் காணலாம். சட்டம் திருத்தப்பட்டபின்னும் அந்த நிலம் நீண்டகாலக் குத்தகையில் கம்பனியின் கையிலுள்ளது. லயத்து அறைகளிற் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. தபால் தோட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்தே பகிரப்படுவது நெடுங்கால வழக்கம். வாக்காளர் அட்டை வரும் வழியும் அதுவே.